இடுப்புக் கச்சையும் தலைச்சுற்றலும்

அசும்தாவுக்குத் தலை சுற்றுகிறது என்பது அவள் ஒத்துக்கொள்வதற்கு முன்னாலேயே எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. யாரோ கதவுக்கீல் கேட்டு அவளுடைய இரும்புக்கடைக்குப் போயிருக்கிறார்கள். மேல்தட்டில்தான் கீல் பெட்டி இருந்தது. அசும்தா ஏணியில் கால் வைத்தாள், அண்ணாந்து பார்த்தாள், அப்படியே தட்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக இறங்கி, "சரக்கு இல்லை" என்றாள். பெட்டி கண்ணெதிரே இருக்கிறது! கீல் கேட்டவர் நேரே ரொட்டிக்கடை வரிசைக்கு வந்தார். அதற்குப் பிறகு தெருவுக்கு வேறு என்ன வேலை?

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். யாருக்கு எந்த நோவோ, அவர்கள் அதையே சொன்னார்கள் என்பதுதான் வேடிக்கை. காலமெல்லாம் குனிந்தே தைத்த தையல்காரி, "கழுத்தெலும்பு தேஞ்சிருக்கும்" என்றாள். மீன்கடை பெரேவுக்கு உலகத்து வியாதி எல்லாமே ஈரலில்தான் தொடங்கும். மருந்துக்கடைக்காரி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேசினாள்: "குழந்தைக்குத் தலை சுத்துச்சுன்னா ஒண்ணு வெறும் வயிறு, இல்லேன்னா காதுவலி, இல்லேன்னா பள்ளிக்கூடத்துல கணக்குப் பரீட்சை. பெரியவங்களுக்குத்தான் காரணம் நூறு. ரத்த அழுத்தத்தைப் பாருங்க, தண்ணி குடிங்க, டாக்டர்கிட்டப் போங்க." இத்தனை சுருக்கமாகச் சொன்னால் யார் கேட்பார்கள்?

கைவைத்தியமும் வீடு தேடி வந்தது. இஞ்சியைத் தட்டிப்போட்ட வெந்நீர், எலுமிச்சை மணக்கும் மரியயூயிசா இலைக் கஷாயம், சாராயத்தில் ஊறிய ரோஸ்மேரியைத் துணியில் கட்டி முகரச் சொன்ன பொட்டலம், தலையணைக்கடியில் வைக்க ஒரு பூண்டு. பூண்டை வைத்த அன்று அவள் கணவன் எவுடால்ட் வரவேற்பறை நாற்காலியில் படுத்தான். இஞ்சி வெந்நீரில் குமட்டல் கொஞ்சம் அடங்கியது உண்மை. ஆனால் கட்டிலில் இடப்பக்கம் புரண்டால் போதும், அறை ராட்டினமாகிவிடும்.

கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்து இளம் டாக்டரம்மாவிடம் போனாள். அந்தப் பெண் அவளைச் சட்டென்று மல்லாத்தி, தலையை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கண்ணையே உற்றுப் பார்த்தாள்.

"காதுக்குள்ள பொடிப்பொடியா சுண்ணாம்புத் துகள் இருக்கும்மா. எல்லாருக்கும் இருக்கு. உங்களுக்கு அது இடம் மாறிப் போச்சு. அதான் அண்ணாந்தா, புரண்டா சுத்துது. தலையை இப்படி இப்படித் திருப்பி அதை வீட்டுக்கு அனுப்பணும். ஒரே தடவையில போயிடும்னு சொல்ல முடியாது. அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் அண்ணாந்து பாக்காதீங்க, சுத்தாதீங்க. திருவிழாக் கோபுரத்துல எல்லாம் நிக்கவே கூடாது."

எவுடால்ட் கேட்டபோது அசும்தா, "இஞ்சித் தண்ணி குடிக்கச் சொன்னாங்க" என்றாள். அவனிடம் அவ்வளவுதான் சொன்னாள். தெருவில் கேட்டவர்களிடம், "எல்லாம் சரியாப்போச்சு" என்றாள்.

பொய் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர்த் திருவிழாவில், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று கட்டுகிற மனிதக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறிய முதல் பெண்பிள்ளை அவள். அதற்கு முன்னால் பையன்கள்தான் ஏறுவார்கள். எங்கள் கட்டலூனியா பிரதேசம் முழுக்க அந்த வருஷங்களில்தான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் முதலில் ஏறுவதாக இருந்தது அவளுடைய சிநேகிதி சீஸ்கா. ஒத்திகையில் பாதி தூரம் போனதும் சீஸ்காவுக்குக் கிறுகிறுவென்று வந்து, அடுத்தவர் தோளைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். "பாத்தீங்களா, பொட்டப்புள்ளைன்னா மயக்கம் வரும்" என்று ஆண்கள் வாய் கிழியச் சிரித்தார்கள். அன்று காலையில் சீஸ்கா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பதை யாரும் விசாரிக்கவில்லை. அப்போது எட்டு வயது அசும்தா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஏறினாள். முதுகுகளின் வியர்வை, கச்சை மடிப்பில் கால்விரல், காதில் ஒருவரின் மூச்சு, பிறகு திடீரென்று ஒன்றுமே இல்லாத ஆகாசம். கையை உயர்த்தினாள். நகரசபை மாடத்தில் நின்றவர்கள் அவளுக்குக் கீழே இருந்தார்கள். வெயிலில் நாயனம் ஊதியது. அந்தக் காட்சியை அவள் தன் வாழ்நாளில் எத்தனை முறை எடுத்துத் துடைத்து வைத்திருப்பாள் என்பது கடவுளுக்கும் எவுடால்ட்டுக்கும்தான் தெரியும்.

கோபுரம் என்பது வயது ஏற ஏற ஆள் கீழே இறங்குகிற ஏணி. பன்னிரண்டு வயதில் ஓரடுக்கு இறங்கினாள், கல்யாணத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு. இப்போது பல வருஷமாகத் தரையில், அடித்தளக் கூட்டத்தில், கைகளை உயர்த்தி மேலே நிற்பவரைத் தாங்குகிற வரிசையில் இருக்கிறாள். அந்த இடமும் போனால் வேடிக்கை பார்ப்பவளாகிவிடுவாள். வேடிக்கை பார்ப்பது சீஸ்காவின் வேலை! அன்றைக்கு இறங்கிய சீஸ்கா மறுபடி ஏறவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் அசும்தாவின் கச்சையைப் பிடிப்பது அவள்தான்.

கச்சை கட்டுவதில்தான் வினையே இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு முழக் கறுப்புத் துணியின் ஒரு முனையை ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். கட்டிக்கொள்பவர் மறுமுனையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பம்பரம் போலத் தானே சுற்றிச் சுற்றி வந்து துணியைச் சுருட்டிக்கொள்ள வேண்டும். சுற்றாமல் கச்சை இறுகாது. கச்சை இறுகாவிட்டால் நடு முதுகுக்குத் தெம்பில்லை, ஏறுகிறவர்களுக்குக் கால் வைக்க மடிப்பும் இல்லை.

திருவிழா அன்று காலை அசும்தா படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். "நான் நிக்கிறேன். நீ துணியைப் புடிச்சுக்கிட்டு என்னைச் சுத்தி வா."

"எதுக்கு? சீஸ்கா இருக்காளே."

"சொன்னதைச் செய்."

எவுடால்ட் செக்குமாடு மாதிரி அவளைச் சுற்றினான். மூன்றாவது சுற்றில் கட்டில் காலில் இடித்துக்கொண்டான். "இப்ப எனக்குத்தான் தலை சுத்துது" என்று முனகினான். அவள் சிரிக்கவில்லை. கச்சை ஒருவழியாக ஏறியது. கட்டு, சந்தையில் கோழிக்குக் கட்டுகிற மாதிரிதான் இருந்தது.

சதுக்கத்தில் சீஸ்கா வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். அசும்தா கச்சையோடு வருவதைக் கண்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"யாருடி கட்டினது?"

"எவுடால்ட். நேரமாச்சுன்னு..."

"நாப்பது வருஷத்துக்கு மேல வராத அவசரம் இன்னைக்கு வந்துருச்சா?" சீஸ்கா கச்சைக்குள் இரண்டு விரலை விட்டாள். முழங்கை வரைக்கும் போகும் போலிருந்தது. "இது கச்சையா, இல்ல புள்ளத் தொட்டிலா? உன் புருஷன் கடையில கம்பி சுத்துற மாதிரி சுத்தியிருக்கான். அவுரு."

"விடுடி, பரவாயில்ல."

"அவுருங்கறேன்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இதற்குமேல் மறுத்தால், இன்னும் சரியாகவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். அசும்தா அவிழ்த்துக் கொடுத்தாள். சீஸ்கா முனையை இழுத்துப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். அசும்தா கண்ணை மூடிக்கொண்டு சுற்றத் தொடங்கினாள்.

முதல் சுற்று தாங்கியது. இரண்டாவதில் நகரசபை கவிழ்ந்தது. மூன்றாவதில் தரை எது, மாடம் எது என்று தெரியவில்லை. துணியோடு துணியாக வந்து சீஸ்காவின் மார்பில் மோதி, அவள் தோளைப் பற்றிக்கொண்டு நின்றாள். பார்ப்பவர்களுக்கு இரண்டு சிநேகிதிகள் கட்டித் தழுவுவது போலத்தான் இருந்திருக்கும். இரண்டொருவர் கைகூடத் தட்டினார்கள்.

"சரியாப்போச்சுன்னியே, எத்தனை நாளா இது?" சீஸ்கா காதோரம் கேட்டாள்.

"மூணு வாரமா. காதுல ஏதோ துகளாம். நாயனம் ஊதறதுக்குள்ள சரியாயிடும். குனிஞ்சுதானே நிக்கப்போறேன்? அடித்தளத்துல யாரும் அண்ணாந்து பாக்கறதில்லையே!"

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

அசும்தா கச்சை முனையைத் தேடி இடுப்பில் செருகினாள்.

"சரி. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல." எங்கள் தெருவின் சரித்திரத்தில் சீஸ்கா இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "நீ மேல நின்ன ஆளு. கீழ ஒருத்தர் தள்ளாடினா அங்க எப்படி இருக்கும்னு உனக்குத்தான் தெரியும். எனக்கென்ன தெரியும்?"

தெரியும். அசும்தாவுக்குத் தெரியாததா? கீழே யாரோ தும்மினால்கூட உச்சியில் உள்ளங்காலுக்கு வரும். ஒரு வருஷம் அடித்தளத்தில் ஒருவருக்கு வெயிலில் மயக்கம் வந்தது. அவர் விழவில்லை, முழங்கால்தான் கொஞ்சம் மடங்கியது. ஏழடுக்குக்கு மேலே ஒன்பது வயது அசும்தாவுக்கு அது, யாரோ வீட்டையே உருவுவது போல இருந்தது. கையை உயர்த்திய நினைவை எடுத்து எடுத்துத் துடைத்தவள், இதைத் தொட்டதே இல்லை.

இன்றைக்கு ஏறப்போகிற பிள்ளை தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வாயில் ரொட்டியைத் திணித்தபடி, ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தது.

அசும்தா கச்சையை அவிழ்த்தாள். சுருட்டாமல், அப்படியே கையில் அள்ளிக்கொண்டு குழுத்தலைவன் யுரென்சிடம் போனாள்.

"தம்பி, என் இடத்துல வேற ஆளைப் போடு. எனக்குத் தலை சுத்துது."

"அக்கா, இன்னுமா? இஞ்சி ஏதாவது..."

"எல்லாம் குடிச்சாச்சு. ஆளைப் போடு."

அவன் கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். பிறகு தெருவில் தண்ணீர்க்குழாய் ரிப்பேர் பார்ப்பவரைக் கூப்பிட்டு அவள் இடத்தில் நிறுத்தினான். முடிந்தது. இரண்டு வாக்கியத்தில் முடிகிற காரியத்துக்கு எத்தனை கஷாயம்!

சீஸ்கா அவளைச் சதுக்கத்தின் ஓரத்து வளைவு மண்டபத் தூணுக்குக் கூட்டிப்போனாள். "இங்க நில்லு. முதுகைத் தூண்ல சாய்ச்சுக்க. கழுத்தைத் தூக்காத, கண்ணை மட்டும் தூக்கு. சுத்தினா என்னைப் புடிச்சுக்க."

நாயனம் எழுந்தது. முதுகுகள் முதுகுகள் மேல் ஏறின. அசும்தா இத்தனை வருஷத்தில் கோபுரத்தை முழுசாகப் பார்த்ததே இல்லை. ஒன்று அதன் உச்சியில் இருந்தாள், இல்லையென்றால் அதன் அடியில் தலை குனிந்திருந்தாள். இப்போது பார்த்தாள். நகரசபை மாடத்தைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். மேகத்தை ஒன்றும் தொடவில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான். நீ என்னமோ வானத்தையே முட்டின மாதிரி பேசிக்கிட்டிருந்தே."

பிள்ளை உச்சிக்குப் போய்க் கையை உயர்த்தியது. சதுக்கம் ஆர்ப்பரித்தது. கோபுரம் நின்றதா சுழன்றதா என்று அசும்தாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. பிறகுதான் கை வலித்தது. குனிந்து பார்த்தால், சீஸ்காவின் விரல்கள் அவள் மணிக்கட்டை ரத்தம் கட்டுகிற அளவுக்கு இறுக்கியிருந்தன. சீஸ்காவின் உதடு வெளுத்திருந்தது. மூச்சே விடவில்லை. பிள்ளை ஒவ்வோர் அடுக்காக இறங்கி, கால் தரையைத் தொட்டதும்தான் பிடி தளர்ந்தது.

"ஒவ்வொரு வருஷமும் இப்படியாடி நிப்பே?"

சீஸ்கா கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள்.

"வேற எப்படி நிக்கிறது? மேலயோ அடியிலயோ, அதுக்குள்ள இருந்தது நீயாச்சே" என்றாள்.