ஷீல்டுக்கு வெட்டிய குழி

இப்போதெல்லாம் எவனும் தன் வாசலைத் தனக்காகக் கூட்டுவதில்லை. யாராவது வந்து பார்க்கப் போகிறார்கள் என்றால்தான் விளக்குமாறு கையில் ஏறுகிறது. பார்த்துவிட்டுப் போனதும் அது மூலைக்குப் போய்விடுகிறது. முன்பு மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்டால், முன்பும் இதே லட்சணம்தான். ஆனால் அதை மைக் வைத்துச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் ஊருக்கு மைக் வண்டி வந்தது எண்பத்தேழாம் வருசம், மாசி மாதத்தில். மாவட்டத்திலேயே சுத்தமான ஊருக்கு ஷீல்டு கொடுக்கப் போகிறார்களாம். சேலத்திலிருந்து கமிட்டி வந்து பார்க்குமாம். சேர்மன் அர்த்தநாரி அதை வாங்கியே தீருவது என்று இறங்கிவிட்டான். சுற்றுச்சூழல், சுற்றுச்சூழல் என்று கத்திக்கொண்டே வண்டி தெருத்தெருவாகப் போனது. அது விட்ட புகையில் பழைய இரும்புக் கடை ஜாபர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

லாரிப் பட்டறைகளில் வாங்கிய பழைய டயர்களைக் கடைக்கு முன்னால் குவித்து வைத்திருப்பார் ஜாபர். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டயரெல்லாம் வீட்டுக்குள் போயிற்று.

“எங்கூட்டுல ரோஷன் பீவி டயருக்கு நடுவுலதான் உக்காந்து சோறாக்குது. இதுக்குப் பேரு சுத்தமுங்களா, கந்தப்பண்ணா?” என்றார்.

“ஷீல்டு வந்தா அதுலயே சோத்தப் போட்டுத் திங்கலாம், வுடுங்க” என்றேன்.

டயரை மறைக்கலாம். சேகோ பேக்டரித் தண்ணீரை எங்கே மறைப்பது? ஊருக்கு மேற்கே, என் காட்டை ஒட்டினாற்போல, அர்த்தநாரியின் மச்சான் சென்னிமலை என்பவன் ஜவ்வரிசி பேக்டரி நடத்துகிறான். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவை எடுத்துக்கொண்டு, மிச்சத் தண்ணீரை ஓடையில் விடுவான். விடும்போது மோர் மாதிரி வெள்ளையாக இருக்கும். நாள் ஆக ஆகச் செத்த எலி தேவலை என்றாகிவிடும். அந்த ஓடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் போகிறது. ஜீப்பை விட்டு இறங்கியதும் கமிட்டிக்கு அதுதான் வரவேற்பு. பேக்டரியை நிறுத்து என்றால், அது கிழங்கு வெட்டும் காலம். வெட்டின கிழங்கு கமிட்டிக்காகக் காத்திருக்காது.

அர்த்தநாரி காட்டுக்கே வந்தான்.

“மாமா, உங்க காட்டோரம் பொறம்போக்குல ஒரு குழி வெட்டிக் கரை போட்டு, பேக்டரித் தண்ணிய நிறுத்திக்கறனுங்க. கமிட்டி அக்கட்டால போனதும் கரைய ஒடைச்சு உட்ருவோம்.”

“எங்கெணறு பக்கத்துல இருக்கறது கண்ணுக்குத் தெரியலியா?”

“ரெண்டு நாள்ல என்னுங்க ஆயிரப் போவுது?”

“ரெண்டு நாளுன்னு வந்தவன் எவன்டா ரெண்டு நாள்ல எந்திரிச்சுப் போயிருக்கறான்?”

சிரித்தான். புறம்போக்கு சர்க்கார் நிலம். என்னைக் கேட்டது மரியாதைக்கு. மரியாதை முடிந்ததும் வெட்டினான்.

எனக்கு அந்தக் கிணறுதான் எல்லாம். நாங்கள் குடிப்பது, எருமைகள் குடிப்பது, வெங்காயத்துக்குப் பாய்வது எல்லாம் அதில்தான். சுற்றி எல்லாக் கிணறும் அந்த வருசம் வற்றிக் கிடந்தன. என் கிணற்றில் பாறை இடுக்கிலிருந்து ஊற்று வந்துகொண்டே இருந்தது. பாறை இடுக்கு நல்ல தண்ணீரைத்தான் விடுவேன், மற்றதை விடமாட்டேன் என்று சொல்லுமா?

குழியைக் கண்டதும் ஊர்ச் சனம் குப்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. தெருவில் போட்டால் அபராதம் என்று மைக்கில் சொல்லியிருந்தார்களே, பின்னே எங்கே போடுவார்கள்? ‘குப்பை கொட்டாதீர்’ என்று தகரப் பலகை வைத்தார்கள். அதை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்க் கோழிக் கூண்டுக்கு மூடியாக வைத்துக்கொண்டார்கள். கடைசியில் அர்த்தநாரி எங்கள் பக்கத்து வைத்தியத்தையே செய்தான். கரைமேல் மூன்று கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பந்தழை செருகினான். பக்கத்தில் ஒரு சூலம். மறுநாளிலிருந்து ஒரு கூடைக் குப்பை விழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பக்கம் நடந்தார்கள்.

இரண்டு நாளில் வருவதாகச் சொன்ன கமிட்டி பங்குனி பிறந்துதான் வந்தது. அதற்குள் என் எருமைகள் தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்திருந்தன. தண்ணீர் புளித்து நாறியது. சேலத்துக்காரர்கள் வந்து இறங்கியபோது ஒரு சொம்பு நிறைய அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டினேன். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே மரியாதை?

அர்த்தநாரி நடுவில் புகுந்தான். “அய்யாவுக்கு எளநி வெச்சிருக்கறனுங்க மாமா. சொம்பை அப்படி வெய்யுங்க.”

கண்ணாடி போட்ட பெரிய ஆபீசர் குழியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அர்த்தநாரி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“பேக்டரித் தண்ணிய ஊருக்குள்ள உடாம இங்கியே தேக்கித் தெளிய வெக்கறமுங்க. எங்க ஊர்ல மட்டுந்தானுங்க இப்படி.”

ஆபீசர் அசந்துபோனார். கல்லுக்கு முன்னால் சாம்பிராணி புகைந்தது. கூட வந்த ஒருவர் மூக்கைப் பொத்தக் கையைத் தூக்கினார். சூலத்தைப் பார்த்ததும் அந்தக் கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் விடவில்லை. “சார், இந்தத் தண்ணி எங்கெணத்துக்குள்ள எறங்குதுங்க. சொம்ப மோந்து பாருங்க.”

“எழுதிக் கொடுங்க பெரியவரே, பார்க்கிறோம்.”

“எனக்கு எழுத வராதுங்க. மோந்து பாக்கறதுக்கு எழுத்து எதுக்குங்க?”

ஜீப் கிளம்பிவிட்டது. சித்திரையில் ஷீல்டு வந்தது. அதை லாரிமேல் வைத்து, தாரை தப்பட்டையோடு ஊர்வலம் விட்டார்கள். ஊர்வலம் போன வழியெல்லாம் காகிதமும் வாழைப்பழத் தோலும்.

அர்த்தநாரியைப் போய்ப் பிடித்தேன். “ஷீல்டு வந்துருச்சல்லோ, கரைய ஒடை.”

“மாமா, ஷீல்டே அந்தக் குழிக்குத்தான் குடுத்தாங்க. அதைய ஒடைச்சுட்டா அடுத்த வருசம் வந்து கேப்பாங்களே, என்ன பண்றது?”

அவன் உடைக்கமாட்டான் என்று தெரிந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே குழிக்குப் போனேன். உச்சி வெயில். ஆள் இருக்காது என்று நினைத்தேன். பார்த்தால் கரைமேல் ஏழெட்டுப் பொம்பளைகள் குடமும் மஞ்சளுமாக நிற்கிறார்கள். நடுவில் நிற்பது என் வீட்டுக்காரி சென்னியம்மாள். ஊரில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டுச் சீக்கிரம் இறங்கிவிட்டதாம். இந்தக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றியதால்தானாம்.

“மம்முட்டியக் கீழ போடுங்க” என்றாள்.

“சேர்மன் நட்ட கல்லு புள்ள அது. குப்பை கொட்டாம இருக்கறதுக்கு நட்டான். நீயுந்தான பாத்த?”

“பாத்தனுங்க. நட்டது ஆராயிருந்தா என்ன? மஞ்சத்தண்ணி ஊத்தியாச்சு, கற்பூரம் காட்டியாச்சு. அவ வந்து உக்காந்துட்டா.”

“உக்காந்தவளுக்கு மூக்கு இருந்திருந்தா இன்னேரம் எந்திரிச்சு ஓடியிருப்பா.”

பொம்பளைகள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி, “அண்ணா, வாயக் கழுவுங்க” என்றாள். எதைக் கொண்டு கழுவுவது, இந்தத் தண்ணீரிலா என்று கேட்டேன். சென்னியம்மாள் மட்டும் கோபப்படவில்லை.

“நான் எதுக்கு ஊத்தறன்னு நெனைக்கறீங்க? நம்ம கெணத்துத் தண்ணி நல்லாவோணும்னுதான் வேண்டிட்டிருக்கறன்.”

கிணற்றைக் கெடுக்கிற குழியின் கரைமேல் நின்றுகொண்டு, கிணறு நன்றாக ஆகவேண்டும் என்று அந்தக் கரையிடமே கேட்கிறாள். கல்லை விட்டுத் தள்ளிப் போய்க் கரையின் கடைசியில் ஒரு வெட்டு வெட்டலாம் என்று மண்வெட்டியை ஓங்கினேன். அவள் குடத்தை வைத்துவிட்டு வந்து, வெட்டப்போன இடத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். என்னைத் திட்டவில்லை, கும்பிடவும் இல்லை. உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நாற்பது வருசம் எனக்குச் சோறு போட்டவள் காலுக்குப் பக்கத்தில் எப்படி வெட்டுவது? ஓங்கின கையைத் தாழ்த்தினேன்.

யாரோ சொல்லி அர்த்தநாரி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். நிலைமையைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு வந்தது.

“அம்மன் பாத்துக்குவா மாமா. கெணறு தன்னால தெளிஞ்சிரும்.”

“தெளிஞ்சா நீயே வந்து முத சொம்பு குடி.”

“ஏனுங்க, துன்னூறாவது வெச்சுட்டுப் போங்க” என்று சென்னியம்மாள் கூப்பிட்டாள்.

நெற்றியைக் காட்டவில்லை. அங்கே அம்மன் வந்தாள் என்றும் நான் நம்பவில்லை, கிணறு தெளியும் என்றும் நம்பவில்லை. எருமைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டுத்தறிக்குப் போய் அவற்றை அவிழ்த்தேன். சங்ககிரி ரோட்டைத் தாண்டி, என் பங்காளி செல்லமுத்துவின் போர்க்கிணறு எப்போதாவது தண்ணீர் இறைக்கும். அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு நடந்தேன்.