நூலகம் எங்கே, செயலாளரே?

திருநாவுக்கரசுக்கு மேடை என்றால் உயிர். போர்ட் பிளேரில் எந்தத் தமிழ் விழா நடந்தாலும் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். ஆபீசில் கிளார்க்தான். ஆனால் டாலிகஞ்ச் தமிழ் வாசகர் நூலகத்துக்குச் செயலாளர் அல்லவா? அந்தப் பதவியைத் தூக்கத்திலும் கழற்றுவதில்லை மனுஷன்.

நூலகம் என்றதும் கட்டடத்தைத் தேடாதீர்கள். ஒரு பெரிய மரப்பெட்டி, அது நிறையப் புத்தகம், அவ்வளவுதான். அந்தமான் மழை லேசுப்பட்டதா? எந்த வீட்டுக் கூரை ஒழுகவில்லையோ அந்த வீட்டில் பெட்டி இருக்கும். அங்கேயும் ஒழுக ஆரம்பித்தால் நாலு பேர் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்கு ஓடுவார்கள். புத்தகங்களோ கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் சுற்றும்.

அன்று காலை மெயின்லேண்ட் அதிகாரி சிவஞானம் சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசில் வந்து நின்றார். டாலிகஞ்சில் ஒழுகாத சர்க்கார் அறை ஒன்று காலியாக இருந்தது. அதை நூலகமும் கேட்டிருந்தது, கேரம் கிளப்பும் கேட்டிருந்தது. கேரம் பலகையை அவர் பார்த்தாயிற்று. நூலகத்தையும் கண்ணால் பார்த்துவிட்டு, முடிவைச் சொல்லிவிட்டுச் சாயங்காலக் கப்பலைப் பிடிக்க வேண்டுமாம். பார்க்க முடியாவிட்டால் அறை கேரமுக்கு.

பெட்டி இப்போது எந்த வீட்டில் என்று திருநாவுக்கரசுக்கே தெரியாது. அந்த அறைக்காக மூன்று வருஷமாக நடையாய் நடந்தவர் அவர். இருந்தாலும் முகத்தில் காட்டுவாரா? பொங்கலுக்குப் பெட்டி ஜெபராஜ் வீட்டில் இருந்தது. அதன் பக்கத்தில் நின்றுதானே அவர் ஒரு மணி நேரம் முழங்கினார்! "வாங்க சார்" என்று அங்கே அழைத்துப் போனார்.

படகு என்ஜின் பழுதுபார்க்கும் ஜெபராஜ் தலையைச் சொறிந்தார். "பெட்டியா? அது பாரிஷ் ஆரம்பிச்சதுமே போயிட்டே அண்ணே. நான் அப்போ கட்சால் தீவுல டூட்டி" என்றார். மழை பிடித்ததும் பெட்டியை யார் தூக்கினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் மனைவி அமுதம் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு நாவலில் மூழ்கியிருந்தாள். திருநாவுக்கரசு சட்டென்று அதைக் காட்டி, இதுதான் சார் நம் நூலகம் என்றார்.

"இது புத்தகம். நூலகம் எங்கே, செயலாளரே?" என்றார் சிவஞானம்.

அடுத்து சண்முகம் டீக்கடை. பெரார்கஞ்ச் லாரி டிரைவர் ஒருவர் சரித்திரக் கதை படித்துக்கொண்டிருந்தார். இங்கேதான் சார் என்றார் செயலாளர். பெட்டியைக் காணோம். பொன்னம்மா வீட்டில் சமையல் குறிப்புப் புத்தகம் இருந்தது. இங்கேதான் சார் என்றார் மறுபடியும். அங்கேயும் இல்லை. படிக்கிற இடத்தையெல்லாம் நூலகம் என்று காட்டினால் எந்த அதிகாரிதான் பொறுப்பார்? சிவஞானம் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் நம்மவருக்கு மூளை வேலை செய்தது. பெட்டி எங்கே, பெட்டி எங்கே என்று கேட்டது தப்பு. புத்தகம் என்ன வானத்திலிருந்தா குதிக்கும்? கையில் இருக்கிற புத்தகம் எங்கேயிருந்து வந்தது என்று அல்லவா கேட்டிருக்க வேண்டும்! சிவஞானத்தையும் இழுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க அமுதத்திடம் திரும்பி ஓடிவந்து, அதை எங்கே வாங்கினாய் என்று கேட்டார்.

அமுதம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசமாவே உங்களுக்குத் தெரியாதாண்ணே?" என்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாங்க என்று பின்வழியாக நடந்தாள்.

வாழைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை போனது. சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, கோழிகளை விரட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் வீட்டை விட்டுத் தள்ளி ஒரு அடுக்களைக் கொட்டகை வந்தது. வாசலில் மூன்று பெண்கள் கையில் புத்தகத்தோடு காத்திருந்தார்கள். உள்ளே அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி, மொறுமொறுவென்று காய்ந்த புத்தகங்களோடு!

திருநாவுக்கரசுக்கு உயிர் வந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைக் குரலில், "வீட்டில யாரும்மா? நூலகச் செயலாளர் வந்திருக்கேன்" என்றார்.

கையில் கரண்டியோடு மங்கையர்க்கரசி வெளியே வந்தாள். அவருடைய சொந்த மனைவி.

தன் வீட்டைப் பின்பக்கமிருந்து அவர் பார்த்ததே கிடையாது, பாவம். சாப்பாடு முன்னறைக்கு வந்துவிடும். பின்வாசலுக்குப் பெண்கள் வந்து போவது கறிவேப்பிலைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒழுகாத கூரை அந்த அடுக்களைதான் என்று ஊரே கண்டுபிடித்து, மழைக்காலம் முழுக்கப் பெட்டியை அங்கேயே வைத்திருந்தது. நூலகத்தை நடத்தியது அவள்.

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா?" என்றார் அவர், குரல் இறங்கிப்போய்.

"சொன்னேனே. நீங்க வரவேற்புரை எழுதிக்கிட்டு இருந்தீங்க. ஊர்ல எல்லாரும் வந்து கேக்காங்க. நீங்க என்னைக்காவது ஒரு புஸ்தகம் கேட்டிருந்தா, எங்க இருக்குன்னு தன்னால தெரிஞ்சிருக்கும்" என்றாள் அவள்.

சிவஞானம் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார், காத்திருந்த பெண்களிடம் பேசினார். அறை நூலகத்துக்குத்தான் என்றார். ஆனால் பொறுப்பாளர் பெயர் என்று மங்கையர்க்கரசியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு கப்பலுக்குப் புறப்பட்டார்.

திருநாவுக்கரசு அங்கேயே நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அமுதமும் மற்றவர்களும் புத்தகம் வாங்கிக்கொண்டு போனபிறகு, மெதுவாக அடுக்களை வாசலுக்கு வந்து, "எனக்கும் ஒண்ணு கொடு மங்கை" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிமுன் உட்கார்ந்தாள். எல்லோரிடமும் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"என்ன மாதிரிப் புஸ்தகம் உங்களுக்குப் பிடிக்கும்?"

அத்தனை மேடை ஏறிய மனுஷன் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அதையும் நீயே சொல்லேன்" என்றார்.