ஒத்தை ஆள் லைன்

கிட்டுவுக்குக் கீர்த்தி வரைந்த படங்களெல்லாம் பிடித்திருந்தன. கடைசிப் பக்கம்தான் பிடிக்கவில்லை.

"கன்னத்துல விடுற அறை எங்கம்மா? அறை இல்லாம இது என்ன நாடகம்?"

தேஹு ரோட்டுத் தமிழர்களின் பொங்கல் விழாதோறும் இருபது வருஷம் ஓடிய நாடகம் அது. ராணுவ டிப்போ கேன்டீன் கவுன்ட்டரில் கிட்டு. வடை கேட்டு வருபவர் சுப்பையா. வேறே ஈ காக்கை கிடையாது. இருந்தாலும் கவுன்ட்டர்காரர், "லைன்ல வா!" என்பார். சுப்பையா போய்த் தன்னந்தனியாக நின்றுவிட்டு வருவார். "யார் பின்னால நின்னே?" "யாரும் இல்லீங்க." "அப்ப அது லைனா? போ!" இப்படி நாலு நடை. அதற்குள் வடை தீர்ந்துபோகும். ஏன் தீர்ந்தது என்று கேட்ட பாவத்துக்கு ஓர் அறை. கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

அதைத்தான் சாங்வியிலிருந்து வந்த கீர்த்தி குழந்தைகளுக்குப் படப் புத்தகமாக்கிக்கொண்டிருந்தாள். ஐ.டி. வேலை, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிக்கட்டும் என்று ஆசை.

"அடிக்கிற படம் வேண்டாம்னு பாக்கறேன் அங்கிள்."

"அடி பொய்மா, சத்தம்தான் நெசம். என் கை கன்னத்துக்கிட்ட நின்னுரும். அவன் கீழ தன் கையத் தட்டிக்கிடுவான். ஒரே ஒரு வாட்டி, தொண்ணூத்தாறுல, மைக்கு மக்கர் பண்ணிட்டு. கை தட்டுனது ஒருத்தனுக்கும் கேக்கல. விட்டேன் பாரு நெசமாவே ஒண்ணு! கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. அன்னைக்கு விழுந்த சிரிப்பு இருக்கே!"

முப்பது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிச் சலிக்காத பெருமை அது. பக்கத்திலேயே சுப்பையா இருக்கும்போதும் சொல்லியிருக்கிறார். சுப்பையாவும் சிரிப்பார்.

சுப்பையா சொன்னால் இந்தப் பெண் கேட்பாள் என்று, இரண்டு தெரு தள்ளியிருந்த அவர் வீட்டுக்கே அவளைக் கூட்டிப்போனார் கிட்டு. சோபாவில் வழக்கம்போல் சுப்பையாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்துகொண்டார். சுப்பையாவின் மனைவி பவுன் சாய் கொண்டுவந்தாள்.

அறைப் பேச்சை எடுப்பதற்குள் கீர்த்தி பழைய போட்டோக்களைப் பரப்பிவிட்டாள்.

"ஒரு சந்தேகம் அங்கிள். படப் புத்தகத்துல யார் எந்தப் பக்கம்கிறது மாறவே கூடாது. பிள்ளைங்க குழம்பிருவாங்க. ஆரம்பத்துல கிட்டு அங்கிள் உங்களுக்கு இடது பக்கம் நிக்கறார். தொண்ணூத்தேழுல இருந்து எல்லாத்துலயும் வலது பக்கம். நான் எதை வரையட்டும்?"

கிட்டு முந்திக்கொண்டார். "அதுவா! ஐயாவுக்கு ஒரு பக்க மூஞ்சிதான் லட்சணமாம். பக்கத்த மாத்தினாத்தான் நடிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னான். அன்னையிலேர்ந்து இவனுக்கு மைனர்னே பேரு வச்சோம்லா!"

பவுன் டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"லட்சணமா? நீங்க அறைஞ்ச அன்னைக்கே அந்த இடது காது போச்சுண்ணே. நீங்க அந்தப் பக்கம் நின்னா இவுகளுக்கு வசனம் எப்பிடிக் கேக்கும்?"

"ஏட்டி, சும்மா இரு" என்றார் சுப்பையா.

"இன்னும் எத்தன வருசம் சும்மா இருக்க? காதுல ரத்தம் வந்துச்சு. கேம்ப் ஆஸ்பத்திரில டாக்டர்ட்ட காட்டுனோம். 'கிட்டுட்ட மூச்சு விடாத, நாடகத்தையே விட்டுருவான்'னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக."

சீ, நாமும் ஒரு மனுஷனா! கிட்டுவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. மைனராம், லட்சணமாம்! போன வருஷம் தன் மனைவி இறந்தபோது, இதே சோபாவில், இதே இடது பக்கம் உட்கார்ந்து மணிக்கணக்காகப் புலம்பியிருக்கிறார். சுப்பையா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதில் பாதிகூடக் காதில் விழுந்திருக்காது. ஒரு நாளாவது 'இந்தப் பக்கம் வாலே' என்று சொன்னாரா? சொன்னால் ஏன் என்று கேட்பான் கிட்டு, அதனால் சொல்லவில்லை.

கீர்த்தி போட்டோக்களைச் சத்தமில்லாமல் அடுக்க ஆரம்பித்தாள். கிட்டுவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து சோபாவைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார்.

"சுப்பையா, என்னைய மன்னிச்சிருலே."

சுப்பையா நிமிர்ந்து உட்கார்ந்து, கவுன்ட்டர்காரரின் விறைப்போடு சொன்னார்.

"லைன்ல வா."

யாரும் சிரிக்கவில்லை. கிட்டு வாசல்வரை நடந்துபோய்த் தலைகுனிந்து நின்றார். திரும்பி வந்தார்.

"யார் பின்னால நின்னே?"

"யாரும் இல்லீங்க."

"அப்ப அது லைனா? போ!"

இன்னும் மூன்று நடை பாக்கி இருந்தது. கிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசலுக்குப் போனார்.