குச்சி பின்தங்கும் இடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒற்றைத் தலைவலியில் வந்தது. ஒரு வாரம் எந்தச் சத்தமும் ஆகவில்லை. பொழுது போக வேண்டுமே என்று ராக் பாட்டு வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பாட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது வேறு சமாச்சாரமாக இருக்கிறது. தலைமுடியைச் சிலுப்புகிறவன், காலை அகட்டி நின்று வானத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறவன், தரையில் மண்டியிட்டு உடம்பை முறுக்குகிறவன், எல்லோருமே உடம்புக்கு முடியாதவர்கள் மாதிரிதான் இருந்தார்கள். இவர்களில் ஒருவனுக்கு நிஜமாகவே முடியாமல் போனால் யாருக்கடா தெரியும் என்று தோன்றியது. அவ்வளவுதான் ஆரம்பம். மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "அன்று செகந்திராபாத்தில் மழை பிடித்துக்கொண்டு..."

(வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. ஆனால் அந்த மழை பின்னால் வரும். அது பெய்யாவிட்டால் இந்தக் கதையே இல்லை.)

இரண்டாவது: "சாய்கிருஷ்ணா செத்துப்போன அன்று..."

(இதுவும் சரிப்படாது. முதல் வரியிலேயே செத்துப்போனால் நீங்கள் அவனை ஒரு நிமிஷம்கூட உயிரோடு பார்க்க மாட்டீர்கள்.)

மூன்றாவதுதான் நின்றது.

2

கிரிஜாவுக்குச் சொந்த ஊர் ஈரோடு. ஹைதராபாத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை, குடியிருப்பது குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில். விடுமுறை நாட்களில் ராக் பாட்டு வீடியோக்களைப் பிரித்துப் பிரித்துத் தமிழில் பேசி யூடியூபில் போடுவாள். பாட்டு நன்றாக இருக்கிறதா என்று பேச மாட்டாள். கண்ணில் படுவதைப் பற்றி மட்டும்தான். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, பாடுகிறவன் ஏன் நடுவில் நிற்கவில்லை, ட்ரம்ஸ் வாசிக்கிறவனை ஏன் எப்போதும் பின்னால் மேடை போட்டு உட்காரவைக்கிறார்கள், புகையை எப்போது விடுகிறார்கள், இப்படி. ஒவ்வொரு வீடியோவையும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவாள்.

"தற்செயல்னு ஒண்ணு கிடையாதுங்க. ஃபிரேமுக்குள்ள வந்தது எல்லாமே யாரோ வெச்சதுதான்."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தப்புக் கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவள் என்று அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை கொடுத்தது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஜோடனை துருத்திக்கொண்டு தெரிகிறது. மாற்றிப் பார்த்தேன், வங்கியில் போட்டேன், பள்ளிக்கூடத்தில் போட்டேன். அவள் அங்கேயெல்லாம் உட்காரவே மாட்டேன் என்றுவிட்டாள்.)

3

செகந்திராபாத் பையன்கள் நாலு பேர் சேர்ந்த ஒரு ராக் குழு. அவர்களுடைய வீடியோ ஒன்று வந்தது. வெட்டே இல்லாமல் முழுப் பாட்டையும் ஒரே ஷாட்டில் எடுத்தது. கறுப்பாக ஒரு பெரிய கொட்டகை, தரையெல்லாம் புகை, பின்னாலிருந்து மட்டும் வெளிச்சம். இரண்டாவது சரணம் முடிந்து கிதார் தனியாக வாசிக்கும் இடத்தில் கேமரா சுற்றிக்கொண்டு போய் ட்ரம்ஸ் வாசிக்கும் சாய்கிருஷ்ணாவிடம் நிற்கும். அங்கே அவனுடைய குச்சி தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி விழும். அடுத்தது இன்னும் பிந்தும். பாட்டு தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அவன் கை மட்டும் தண்ணீருக்குள் இருப்பதுபோல மெதுவாகிக்கொண்டே போகும். தலை சாயும். கேமராவுக்கு மேலே எதையோ பார்ப்பான். கேமரா அவனை விட்டுவிட்டுப் பாடகனிடம் திரும்பிப் போகும்.

கடைசியில் கறுப்புத் திரையில் "சாயின் நினைவாக" என்று வரும். படம் எடுத்த அன்றைக்கே பையன் நெஞ்சடைத்து இறந்துவிட்டான் என்றுதான் கிரிஜா கேள்விப்பட்டிருந்தாள், எல்லோருமே அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தார்கள். அதனால்தான் இன்னும் உருகிப்போய்ப் பேசினாள்.

"பாட்டு ஓடுது, உடம்பு வர மாட்டேங்குது. எல்லாரும் தாளத்துக்குள்ள இருக்காங்க, இவன் மட்டும் இறங்கி வெளிய போறான். இதுக்குப் பேருதாங்க ஸ்டேஜிங். இந்தப் பையன் நடிச்ச மாதிரி நான் எந்த ராக் வீடியோலயும் பார்க்கலைங்க."

அவள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது இதைத்தான். கீழே கருத்துச் சொன்னவர்களில் சிலர், நடிப்பாவது ஒன்றாவது, பையன் கஞ்சா அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதினார்கள். கிரிஜா அவர்களோடு மல்லுக்கு நின்றாள். ஒவ்வொருவருக்கும் பதில் போட்டாள்.

4

ஜம்புநாதன் வந்தது அதற்குப் பிறகு. சாய்கிருஷ்ணாவின் அப்பா. செகந்திராபாத் மாரெட்பள்ளியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வீடியோவை இயக்கிய நந்தகுமாரிடம் கிரிஜாவின் எண்ணை வாங்கி, முன்கூட்டியே போன் செய்து, நேரம் கேட்டு, ஆட்டோ பிடித்து வந்தார். கையில் ஒரு பிஸ்கெட் பொட்டலம். கிரிஜா தண்ணீர் கொடுத்தாள். மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

மகன் வாசிப்பதை அவர் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லையாம். மாடி அறையில் அவன் பழகும்போது கீழேயிருந்து டப்பா தட்டாதேடா என்று கத்துவதோடு சரி. ஆனால் வருஷக்கணக்காகக் கூரை வழியாகக் கேட்டவருக்குத் தெரியாதா? அவன் ஒரு தட்டுக்கூடத் தப்ப மாட்டான். அப்படிப்பட்டவன் அந்த வீடியோவில் தடுமாறுவதைப் பார்த்ததும் அவர் போனை அணைத்துவிட்டார். தெருவிலும் சொந்தத்திலும் அவர் காதுபடவே போதை மருந்து என்று பேசினார்கள். இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னவர், அடுத்ததை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஆஸ்பத்திரில போஸ்ட்மார்ட்டம் பண்லாமான்னு கேட்டாங்க மா. நான் நக்கோ, வேணாம்னுட்டேன். அறுத்துப் பாத்தா உள்ள என்னமோ இருக்கும்னு பயம். பெத்தவன் நானே அப்டி நெனச்சுட்டேன். அப்புறம் நீ பேசினதக் கேட்டேன். அவன் நடிச்சிருக்கான். ஹவ், ஆமா, நடிச்சிருக்கான் பையன்."

போனில் சின்னதாகத் தெரிகிறது, பெரிய திரையில் போட்டு, எங்கெங்கே எப்படி நடித்தான் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் காட்ட முடியுமா என்று கேட்டார். கிரிஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டிப்பாக வாங்க என்றாள்.

5

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டும் என்று நந்தகுமாரைக் கூப்பிட்டாள். அவன் மதுரைப் பையன், உற்சாகமாகப் பேசுவான். அவ்வளவு பெரிய கொட்டகையில் பின்வெளிச்சம் எப்படித் துளிகூட அசையாமல் நின்றது என்று கேட்டாள். தொழிலைப் பற்றி ஒருத்தி இப்படிக் கேட்டால் யார்தான் பேச மாட்டார்கள்? ஒவ்வொன்றாகச் சொன்னான். ஊருக்கு வெளியே, அல்வாலைத் தாண்டி ஒரு பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை. சுற்றிலும் கம்பி வலைதான், சுவர் கிடையாது. பகல் வெளிச்சம் உள்ளே வராமலிருக்க நாலு பக்கமும் கறுப்புத் தார்ப்பாய் இழுத்துக் கட்டினார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஜெனரேட்டர் நனையக்கூடாதென்று உள்ளே கொண்டுவந்து, ட்ரம்ஸ் மேடைக்குப் பின்னாலேயே கறுப்புத் துணி போட்டு மறைத்து வைத்தார்கள். வயர் குட்டையாக இருந்ததால் விளக்கு மங்கவே இல்லை.

"சினிமான்னா ஜெனரேட்டரத் தெருக்கோடில வெக்கணும்க்கா, சவுண்டு விழுந்துரும். இது ப்ளேபேக்தான? பாட்டப் போட்டு வாயசைக்கிறது. எங்கன வெச்சா என்ன?"

கிரிஜா கேட்டுக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் அன்று எப்படி இருந்தார்கள் என்று கேட்டாள். எல்லோருக்கும் தலைவலி, பேஸ் கிதார் வாசிப்பவன் வாந்தியே எடுத்தான், மத்தியானம் வாங்கிய பிரியாணி சரியில்லை என்றான். சாய்? அவனுக்குத்தான் ரொம்பத் தலைவலி. கடைசி டேக் முடிந்ததும் மழை விட்டிருந்ததால் எல்லோரும் வெளியே டீ குடிக்கப் போனார்கள். அவன் மட்டும் வரவில்லை, ட்ரம்ஸுக்குப் பின்னால் துணியை விரித்துப் படுத்துக்கொண்டான். விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஜெனரேட்டரும்...

அங்கே நந்தகுமாரின் பேச்சு நின்றது. பிறகு அவன், அடுத்த வாரம் அதே கொட்டகையில் வேறொரு குழுவோடு படப்பிடிப்பு இருக்கிறது என்றான். ஜெனரேட்டரை வெளியே வைக்கச் சொன்னாள் கிரிஜா.

"வெச்சுர்றேன்க்கா."

ஏன் என்று அவன் கேட்கவில்லை.

(உங்களுக்கு விளங்கியிருக்கும். விளங்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஜெனரேட்டர் விடும் புகையில் மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு ஒன்று உண்டு. அடைத்த இடத்தில் அது முதலில் தலைவலியைக் கொடுக்கும், பிறகு கைகாலைத் தளர்த்தும், பிறகு தூக்கம் வரவைக்கும். கண்ணுக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச புகையையும் புகை இயந்திரம் மூடிவிட்டது. எல்லோரையும்விட ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகமாக மூச்சு வாங்கியவன் ட்ரம்ஸ் வாசித்தவன்.)

6

கிரிஜா அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தன் குரலையே பிடிக்காமல் போனது. ஒரு பையன் எல்லோர் கண்ணெதிரிலும் செத்துக்கொண்டிருக்க, இவள் கைதட்டியிருக்கிறாள். அவன் தலை சாய்ந்த இடத்தில் படத்தை நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வேறு போட்டுக் காட்டியிருக்கிறாள். குளியலறைக்குப் போய்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவள் அழுதாளா வாந்தி எடுத்தாளா என்று எழுதினால் உங்கள் கவனம் அவள் மேல் போய்விடும். இரக்கப்பட வேண்டியது அவளுக்காக இல்லை.)

தன் வீடியோவை எடுத்துவிடலாமா என்று பார்த்தாள். எடுத்தால் ஜம்புநாதன் பிடித்துக்கொண்டிருப்பது போய்விடும். வைத்திருந்தால் பொய் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே அந்தப் பெரியவருக்காகத்தான் யோசிக்கிறாளா, அதிகம் பேர் பார்த்த வீடியோ போய்விடுமே என்றும் ஒரு ஓரத்தில் யோசிக்கிறாளா? கேட்டுப் பார்த்தேன். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினாள். இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு மட்டும் அவளைக் கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது? கதைக்குள் வந்தது எல்லாமே நான் வைத்தது. அந்த மழையைப் பெய்ய வைத்தவன் நான். தார்ப்பாயைக் கட்டியவனும் ஜெனரேட்டரை உள்ளே இழுத்து வைத்தவனும் நான்தான். பையன் கை தளர்வதை எழுதும்போது, அட, நன்றாக வந்திருக்கிறதே என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் கிரிஜா உண்மையைச் சொல்லிவிடுகிறாள். உங்கள் மகன் எந்த மருந்தும் சாப்பிடவில்லை, நடிக்கவும் இல்லை, ஜெனரேட்டர் புகையில் செத்துப்போனான் என்கிறாள். ஜம்புநாதன் நீங்கள் நினைப்பதுபோல அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "அப்போ அறுத்துப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், இல்ல?" அதற்கு அவள் சொல்லும் பதிலை எழுத எனக்குக் கை வரவில்லை. கிழித்துப்போட்டேன்.

இன்னொன்றில் சொல்லாமல் விடுகிறாள். பெரியவர் மகிழ்ச்சியோடு போகிறார், சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார். நந்தகுமாரின் படங்கள் நன்றாக ஓடுகின்றன, ஜெனரேட்டர் எப்போதும் வெளியே இருக்கிறது. பையன் எதனால் செத்தான் என்று தெரிந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதை நிறுத்திவிடுகிறார்கள். இது சுலபமாக வந்தது. அதனாலேயே பிடிக்கவில்லை.

நந்தகுமாரே மாரெட்பள்ளிக்குப் போய் அவர் காலில் விழுவதாகவும் ஒன்றைத் தொடங்கினேன். ஆட்டோ வரைக்கும்தான் வந்தான். ஏறவில்லை.

8

ஞாயிற்றுக்கிழமை ஜம்புநாதன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். சலவைச் சட்டை போட்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்கு நேரெதிரே உட்கார்ந்தார். கிரிஜா சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள். நன்றாகவே வைம்மா என்றார்.

பாட்டு தொடங்கியது. சற்று நேரத்தில் அவருடைய வலது கை நாற்காலிக் கைப்பிடியில் தட்ட ஆரம்பித்தது. அவள் திரையை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு தட்டுத் தப்பவில்லை. எங்கே நிற்கும், எங்கே இரட்டிக்கும் என்று அத்தனையும் விரலுக்குத் தெரிந்திருந்தது. டப்பா என்று திட்டிக்கொண்டே மனிதர் முழுவதையும் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது சரணம் முடிந்தது. கேமரா சாய்கிருஷ்ணாவிடம் போய் நின்றது. குச்சி பிந்தியது. விரல் பாட்டோடு நேராகப் போனது, திரையில் மகன் பின்தங்கினான். அப்பாவின் தட்டு முன்னால் விழ, பிள்ளையின் குச்சி அதற்குப் பிறகு இறங்கியது. அடுத்ததில் இடைவெளி இன்னும் கூடியது.

அப்போது அந்த விரல்கள் பாட்டை விட்டுவிட்டன. மெதுவாகின. மகன் குச்சியைத் தூக்கும்போது தூக்கி, அவன் போடும்போது போட்டன. அவன் எவ்வளவு மெதுவாகப் போனானோ அவ்வளவு மெதுவாக அவரும் கூடவே போனார். கேமரா பையனை விட்டு நகர்ந்த பிறகும், இனி திரையில் தெரியாத ஒரு தட்டுக்காக அவர் விரலைத் தூக்கியபடியே வைத்திருந்தார். பிறகு கைப்பிடியில் வைத்துவிட்டார்.

பாட்டு முடிவதற்குள் அவர் திரும்பினார்.

"நடிச்சான் தானே மா?"

கிரிஜா ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

இத்தனையையும் வைத்த நான் பதிலை மட்டும் வைக்கப்போவதில்லை. எனக்கு அந்த உரிமை போய்விட்டது, நன்றாக வந்திருக்கிறதே என்று நினைத்தேனே, அங்கேயே. நீங்கள் யாரையும் கொல்லவில்லை, யாருக்கும் கைதட்டவில்லை, தெரிந்துகொண்டவர் மட்டும்தான். அதனால் அவள் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். கண்ணாடியைக் கழற்றாமல் அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.