எல்லாருக்கும் ஒரு சிவப்புக் கட்டம்

காதணி விழாப் பத்திரிகை அடித்தே பழகிய கை இது. முதுகுளத்தூரில் என் அச்சகத்தில் ஒரு தாய்மாமன் பேர் சின்ன எழுத்தில் விழுந்தால் போதும், பந்தியில் இலை பறக்கும். வம்பே வேண்டாமென்று எல்லார் பேரையும் தடித்த எழுத்தில் போட்டுவிடுவேன். அப்பேர்ப்பட்ட மேதை, 2008இல் ராமநாதபுரத்துக்கு வந்து, அப்துல் குத்தூஸ் பாயின் மென்பொருள் கம்பெனியில் கையேடு எழுதச் சேர்ந்தேன்.

புதுமடத்துப் படகுச் சங்கத்துக்கான மென்பொருள். கையேடு நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம் என்றார் பாய். அச்சகத்தை மூடிவிட்டு வந்தவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

கையேட்டில் பாதி என்னுடையது, பாதி பூமயிலுடையது. ஆர்.எஸ்.மங்கலத்துப் பெண், கறார்ப் பேர்வழி. இது பொத்தான், இது கோப்பு, இது எச்சரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் நாங்கள் டேக், அதாவது அடையாளக் குறி, போட வேண்டும். எச்சரிக்கை டேக் போட்டது மட்டும் அச்சில் சிவப்புக் கட்டமாக வரும்.

“அண்ணே, அது என்னதுன்னு பாத்து டேக் போடுங்க. அழகா இருக்கும்னு போடாதீக. எச்சரிக்கை, தகவல் அழியிற எடத்துக்கு மட்டுந்தான்” என்றாள்.

“சரி தாயி” என்றேன். தலையாட்டுவதில் நான் கில்லாடி.

புரோகிராம் எழுதிய மருதுபாண்டி வந்து எட்டிப் பார்த்தான். “நான் எழுதுன தேடல் வசதிக்குக் கட்டம் இல்லையாண்ணே?” என்று முகத்தைத் தூக்கினான். எனக்குத் தாய்மாமன் ஞாபகம் வந்துவிட்டது. போட்டேன். அவனுக்குப் போட்டால், பிரிண்டர் பகுதியை எழுதிய வேல்சாமி சும்மா இருப்பானா? அவனுக்கும் போட்டேன். கடைசியில் என் பாதிக் கையேடு மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி ஆயிற்று. எனக்கோ ஒரே பெருமை.

சங்கத்து முஹைதீன் கையேட்டைப் பக்கத்தில் விரித்துவைத்து, பழைய கணக்கை அழித்துப் புது வருஷத்தைத் தொடங்கும் ‘ஆண்டை முடி’ பொத்தானை அழுத்தினான். படகுப் பதிவு மொத்தமும் காலி.

“கட்டம் கட்டி எச்சரிச்சிருக்கேனேப்பா!” என்று புதுமடத்துக்கு ஓடிப்போய் அலறினேன்.

“யா அல்லா! எந்தக் கட்டம்ணே? பேரைத் தேடுறதும் செவப்பு, பிரிண்டரை ஆன் பண்றதும் செவப்பு. சும்மா மெரட்டுறீகன்னு எல்லாத்தையும் தாண்டிப் போயிட்டேன்.”

வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. “அழிஞ்சதை நீயே ஏத்து. கையேட்டையும் திருத்து. பெறகு பாப்போம்” என்றார் பாய், போனில்.

புதுமடத்திலேயே உட்கார்ந்து, முஹைதீன் சொல்லச் சொல்லப் படகுகளை மறுபடி ஏற்றினேன். திரும்பி வந்து, பூமயில் மேற்பார்வையில் டேக் டேக்காகப் பிடுங்கினேன். ‘ஆண்டை முடி’க்கு மட்டும் ஒரு கட்டம் மிஞ்சியது. மருதுபாண்டி என்னோடு பேசுவதை நிறுத்தினான்.

பாய் புதுக் கையேட்டைப் புரட்டினார். “எல்லாம் சரிதான். மொதப் பக்கத்துல என் பேரு அநாதையாக் கெடக்கு. அதையும் அந்தச் செவப்புக் கட்டத்துல போட்டுரு. நாளைக்கே ஆர்டர் தாரேன்.”

என் கை தானாகக் கீபோர்டுக்குப் போயிற்று. பிறவிக் கோளாறு. முஹைதீனின் முகம் ஞாபகம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டேன்.

“ஏலாது பாய். அது தகவல் அழியிற எடத்துக்கு மட்டுந்தான்.”

பாயின் முகம் சுருங்கியது. அவர் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒன் பேரு எங்கலே?”

“போடல பாய்.”

“நிரந்தரமானவன் பேரு இல்லாம எப்படி? என் பேருக்குக் கீழ போடு. சின்ன எழுத்துல” என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார்.