பாவாடை நிழல்

டேட்டன் நகரில் பழைய பேஸ்பால் படங்களைச் சேர்ப்பவர்களுக்கு ஹார்லன் வாஸ்பெர்க் சொன்னதே வேதவாக்கு. படத்தை வாங்கித் தாளைத் தடவிப் பார்ப்பார். பூதக்கண்ணாடியோடு இரண்டு நிமிடம் குனிவார். நிமிரும்போது எடுத்தவர் பெயர் வாயில் இருக்கும்.

1909ஆம் வருடத்துப் படம் ஒன்று. பந்து வீசுகிறவன் காலடியில் மண் கிளம்பி நிற்கிறது. அதை எடுத்தவர் பேர்போன பத்திரிகைக்காரர் யூஸ்டஸ் கிரேன் என்று சேகரிப்பாளர் சங்கத்தின் இதழில் எழுதியவர் ஹார்லன்தான். படத்தை வைத்திருந்த கிளைட் ஹம்மெலுக்கும் விலை ஏற அந்தப் பெயர்தான் வேண்டியிருந்தது.

ஆனால் படத்தின் அடியோரத்தில் ஒரு நிழல் விழுந்திருந்தது. அகலத் தொப்பி, மார்பளவில் ஒரு கேமராப் பெட்டி, தரை தொடும் பாவாடை. எடுத்தவரின் நிழல்தான், அதுவும் கிரேன் அல்ல, ஒரு பெண் என்பது ஹார்லனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "அடியில கொஞ்சம் கறை இருக்கு. சட்டம் போடறப்ப மறைச்சிடு" என்று கிளைடிடம் சொல்லிவிட்டார்.

மூன்று வருடம் ஓடியது. 1980இல், சங்கத்தின் கண்காட்சியில், எழுபத்தெட்டு வயது லவினியா டட்டில் ஹார்லனின் மேசை முன்னால் வந்து நின்றாள். துவாலைச் சுற்றைப் பிரித்து ஒரு கண்ணாடி நெகட்டிவ் தகட்டை எடுத்தாள். அதே படம், வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாக.

"தம்பி, இது எங்கம்மா ஐடெல்லா எடுத்தது. நான் பக்கத்துல உக்காந்து வேர்க்கடலை தின்னுக்கிட்டிருந்தேன். நீங்க யாரோ கிரேன்னு போட்டிருக்கீங்களே?"

கூட்டம் கூடிவிட்டது. சங்கத்து ஆள் மெல் ப்ரூயிட் ஹாட்டாக்கை மென்றபடியே, "என்ன வாத்தியாரே, கண்ணுல பொறை விழுந்துடுச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் ஹார்லனைக் கவிழ்த்தது. "அந்தக் காலத்துல தகடெல்லாம் கைமாறிக்கிட்டே இருக்கும்மா. உங்கம்மா யார்கிட்டயாவது வாங்கியிருப்பாங்க. உங்களுக்கு அப்ப சின்ன வயசு, ஞாபகம் குழம்பும்."

லவினியா அவரையே பார்த்தாள். "வேர்க்கடலை கூடவா குழம்பும்?" என்று மட்டும் கேட்டாள். தகட்டைத் துவாலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாள் ஹார்லனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினோராம் நாள் அவள் வீட்டைத் தேடிப் போனார். சமையலறையில் அவள் இனிப்புப் பண்டம் செய்ய ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள்.

"நிழலைப் பார்த்தேன்மா. பார்த்துட்டுத்தான் அப்படி எழுதினேன்."

"தெரியும். அன்னைக்கே உன் காது செவந்துபோச்சே." சீவுகிற கத்தி நிற்கவில்லை. "அதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நாலு பேரு முன்னாடி என்னைப் புத்தி கெட்டவளா ஆக்கினே. அந்த நாலு பேருகிட்ட சொல்லு."

"இதழ்ல ஒரு திருத்தம் போட்டுடறேன்."

"எழுதறது சுலபம். நின்னு சொல்லு."

மன்னித்து அனுப்பிவிடுவாள் என்று நம்பி வந்திருந்தார். அந்த நம்பிக்கையை நினைத்தபோது வெட்கம் இன்னும் கூடியது.

அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்றார். படத்தை எடுத்தவர் ஐடெல்லா டட்டில் என்றார். நிழலை மறைக்கச் சொன்னதையும், மகளிடம் தெரிந்தே பொய் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மெல் ஒரு கிண்டலாவது அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். கிளைட் எழுந்து வெளியே நடந்தான்.

முன்வரிசையில் இருந்த லவினியா கோட்டுப் பொத்தானைப் போட்டபடி அருகே வந்தாள்.

"எங்கம்மா பேரைச் சொல்றப்ப உன் குரல் உள்ள போயிடுச்சு. பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."

அதற்குள் பாதிப் பேர் கிளம்பி, நாற்காலிகளை மடக்கும் சத்தம் எழுந்திருந்தது. அந்தச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமானால் கத்தத்தான் வேண்டும். ஹார்லன் அந்தப் பெயரைக் கத்தினார். மடக்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரால்தான் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.