ரிசீப்பியன்ட் சுகுமாரன்

மங்களத்துக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தேங்காயைத் தம்பியின் மண்டையிலேயே உடைத்திருப்பாள். ஆஸ்பத்திரி ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தம்பி சுகுமாரனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு டயாலிசிஸ் செய்ய அலைந்து அலைந்து ஆள் பாதியாகிவிட்டான். தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றாள் மங்களம். பரிசோதனையெல்லாம் பொருந்திவிட்டது. இன்றைக்கு, மனமுவந்துதான் தருகிறாளா என்று பார்க்க ஒரு நேர்காணல், அது முடிந்தால் அறுவை சிகிச்சைக்குத் தேதி. இந்த நேரம் பார்த்து இவன் பட்டுச்சேலை, வெற்றிலை, பழம், தேங்காய், மேலே ஒரு ஜோடி தங்க வளையல் என்று சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் அக்கா கையில் கொடுத்துவிட்டான்.

எல்லாம் அந்த இங்கிலீஷ் வார்த்தையால் வந்த வினை. ஆஸ்பத்திரியில் அவனை 'ரிசீப்பியன்ட்' என்றார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்டான். பெறுபவர் என்றார் ஆலோசகர் தர்ஷனா. அன்றைக்குப் போனது அவன் தூக்கம். அக்கா பிள்ளைகளின் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதிலும் தாய்மாமன் சீரில் குறை வைக்காதவன். அக்காவிடம் கைநீட்டுவதா?

நேர்காணல் அறையில் தர்ஷனா முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். "ரிசீப்பியன்ட் உங்களுக்கு ஏதாச்சும் கொடுத்தாராக்கா?"

மங்களம் மடியிலிருந்த தட்டைக் காட்டினாள். பொய் சொல்ல வழியில்லை.

தர்ஷனா செட்டிநாட்டுக் குடும்பம். சீர் தெரியாதவர் இல்லை. ஆனாலும் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குப் புரியுதுக்கா. ஆனா இது தாக் போலே, முடியவே முடியாது. கிட்னிக்கு விலையா நகை வாங்கிட்டீங்கன்னு ஆயிடும். ஆப்பரேஷனையே நிறுத்திருவாங்க லா."

"திருப்பிக் குடுத்துட்டா?"

"அவரு வாங்கிக்கிட்டாருன்னா, நடந்ததை நடந்தபடியே எழுதிடுறேன்."

மங்களம் தட்டோடு வெளியே வந்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த தம்பியிடம் விஷயத்தைச் சொல்லித் தட்டை நீட்டினாள். "இந்தா, புடி."

"சீரைத் திருப்புனா உறவே அத்துப்போச்சுன்னு அர்த்தம்க்கா. செத்தாலும் வாங்க மாட்டேன்."

"செத்துத்தான்டா போவ!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. இத்தனை மாதம் அடக்கிவைத்த பயமெல்லாம் கோபமாகக் கொட்டியது.

"இத்தன வருசமா நீ குடுத்ததையெல்லாம் ரெண்டு கையாலயும் வாங்குனேனே, ஒரு நாளாச்சும் எனக்குக் கேவலமா இருக்குன்னு சொன்னேனா? தம்பி குடுக்குறான்னு ஊரெல்லாம் சொல்லிப் பூரிச்சுப் போனேன். வாங்குறது அவ்வளவு அசிங்கம்னா, இவ்வளவு நாளா என்னைய என்னான்னு நெனச்ச?"

அக்காவை அண்ணாந்து பார்த்த சுகுமாரனுக்குக் கண் கலங்கிவிட்டது. மெல்ல எழுந்து இரண்டு கையையும் நீட்டினான். தட்டின் பாரத்தில் கை தாழ்ந்தது. மங்களம் விடாமல் அடியில் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கிக்கிறேன்க்கா."

"சத்தமா சொல்லித் தொலைடா. உள்ள இருக்குற அந்தம்மாவுக்குக் கேக்கணும்."